குடும்பத்தில் யாருக்காவது

என் வீட்டுக்காரருக்குக் கண் போனதற்கு நான்தான் காரணம். இதைச் சொன்னால் தெருவில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "உனக்கு இன்னாத்துக்கு தில்லையம்மா இந்த வேண்டாத நெனப்பு? வயசானா போறதுதான்" என்கிறார்கள். டாக்டர்கூட, "அப்படியெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவரிடம் நான் நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். முழுதும் தெரிந்திருந்தால் அவரும் பேசாமல் இருந்திருப்பார்.

நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையம். அவர் பெயர் பஞ்சாட்சரம், எழுபது வயது. எனக்கு அறுபத்து நாலு. நாற்பத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே தறியில் நெய்கிறோம். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் இழைக்கு இழை கோர்க்க வேண்டும், ஓராளால் ஆகாது. அவர் நடுவில் உட்கார்ந்து தறியை மிதிப்பார், உடலையும் வலது கரையையும் பார்த்துக்கொள்வார். இடது கரையில் குறுக்கு இழையை ஓட்டுகிற நாடா என் கையில். அவருக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல் உட்காருவேன். சண்டை போட்ட நாளிலும் அப்படித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நெய்த புடவைகள் எத்தனையோ பேர் கல்யாணத்துக்குப் போயிருக்கின்றன.

எங்கள் தெருவில் கண்ணுக்கு ஒரே பரீட்சைதான். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், இழை அறுந்தால், கண்ணாடி போடாமல் அதைத் தேடி எடுத்து முடிச்சுப் போட முடிகிறதா? முடிந்தால் கண் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பரீட்சையில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பது வயசுப் பையன்கள் செல்போன் வெளிச்சத்தில் துழாவுகிற இழையை இவர் இரண்டு விரலால் எடுத்து முடிந்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெருமைதான் எனக்கு வியாதி என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். அதற்கு ஆள் கூட்டுவதற்கு ஜோதிகா என்று ஒரு பெண், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, வீடு வீடாக வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் கண்ணில் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"கண்ணுல இன்னாமா அழுத்தம்? பி.பி. மாதிரியா?" என்றேன்.

"அந்த மாதிரிதான் ஆயா. வலிக்காது, ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ளயே நரம்பைக் கெடுத்துக்கினு இருக்கும். தாத்தாவை ஒரு பத்து நிமிஷம் அனுப்புங்க."

அவள் ஆயா என்றது எனக்கு ஆகவில்லை. அறுபத்தொரு வயசில் நான் ஆயாவா? வாசலில் நாலைந்து பொம்பளைகள் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை உள்ளே கூட்டிப்போய்த் தறிக்கு முன்னால் நிறுத்தினேன். அப்போதுதான் பாவில் இரண்டு இழைகள் அறுந்திருந்தன. "ஏங்க, இந்தப் பொண்ணுக்கு முடிஞ்சி காட்டுங்க" என்றேன். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே, கண்ணாடி இல்லாமல், ஒரு நொடியில் ஒன்றை முடிந்து காட்டினார். "நீ ஒண்ணு முடிஞ்சி காட்டு பாக்கலாம்" என்றேன் அந்தப் பெண்ணிடம். அவளுக்கு இழை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாவம், முகம் சிவந்துபோயிற்று அவளுக்கு.

அவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். தறிச் சத்தத்தில் வாசலில் பேசுவது உள்ளே கேட்காது. அந்தப் பெண் வாசலில் நின்று, தன் நோட்டை விரித்துக்கொண்டு, விடாமல் கேட்டாள்.

"நேரா பாக்குறது வேற, ஓரத்துல பாக்குறது வேற ஆயா. இது ஓரத்துலேர்ந்துதான் போவும். குடும்பத்துல யாருக்காவது கண்ணு போயிருக்குதா? தாத்தாவோட அப்பா, அம்மா?"

போயிருந்தது. என் மாமனாருக்கு அறுபது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பதினோரு வருஷம் அப்படியே இருந்து செத்தார். தெருவில் பெரியவர்களுக்கு அது தெரியும். ஆனால் வாசலில் அன்றைக்கு நின்றவர்கள் எல்லாம் பின்னால் வாழ வந்த பெண்கள். அவர்களுக்கு முன்னால், இப்போதுதான் இழை முடிந்து காட்டி ஜெயித்த வீட்டில், கண் போன கதையை எடுக்க எனக்கு நாக்கு வரவில்லை.

"எங்க குடும்பத்துல யாருக்கும் கண்ணுல கோளாறே கெடையாது. போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் உள்ளே வந்து என் இடத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தேன். அந்தப் பொய் என் மனதில் ஒரு நாழிகைகூட நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாம். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். "கண்ண எங்க வச்சிக்கினு இருக்கீங்க?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். தேவேந்திரன் என்று இவருக்கு ஒரு பழைய சிநேகிதர், பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டதைக் கவனிக்காமல் இவர் நடந்துவிட்டாராம். "பஞ்சாட்சரத்துக்குத் தலைக்கனம் வந்துடுச்சி" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தார். இந்த வயசில் இப்படி ஒரு ஆசையா என்று நான் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டேன் என்ன, சந்தோஷப்பட்டேன்.

தறியில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இடது கரையை நான் பார்த்துக்கொள்கிறேன். உடலுக்கு, அவருக்கு நேரே ஒரு கை அகலம் தெரிந்தால் போதும். வலது கரைக்குத் தலையை முழுக்கத் திருப்பி, கழுத்தை நீட்டிப் பார்ப்பார். கழுத்து வலிக்கும்வரை நெய்வார். "இன்னா இது கொக்கு மாதிரி?" என்று நான் கிண்டல் செய்தேன். புடவை பிசிறில்லாமல் வந்துகொண்டே இருந்தது. புடவை சரியாக வந்தால் மனுஷனும் சரியாக இருக்கிறான் என்று நினைக்கிற ஜாதி நாங்கள்.

போன ஆடி மாசம், காலை பத்து மணி இருக்கும், மூங்கில் மண்டபத்தருகே சாலையைக் கடக்கும்போது ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று அவரை இடித்துத் தள்ளிவிட்டது. நல்லவேளை, முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டுகிற வேலாயுதம் தெரிந்த பையன்தான். அவனே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். நான் அவனை அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன்.

"அடிக்கறதுன்னா அடிச்சிக்கோம்மா. நான் மெதுவாத்தான் வந்தேன். மூணு தபா ஹாரன் அடிச்சேன். அவரு திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுதான் காலை வச்சாரு. அவருக்கு வண்டி தெரியவே இல்லம்மா. மொதல்ல கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்றான்.

ஓங்கிய கையை இறக்கி, இவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டிக்கு முட்டி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல என் விரல் ஆடறது எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க" என்றார். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன். விரல் அவருடைய காதுக்குப் பக்கத்தில் ஆடியது. அவர் சொல்லவில்லை. கன்னத்துக்கு நேரே வந்தது. சொல்லவில்லை. மெல்ல மெல்ல முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, அவர் டாக்டரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார். 'அதோ ஆடுதுங்க, சொல்லுங்க' என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். நர்ஸ் என் கையை அழுத்தினாள். விரல் மூக்குக்கு நேராக வந்துவிட்ட பிறகு, "ஆங், தெரியுதுங்க" என்றார் சந்தோஷமாக. சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்து என் பக்கம் திரும்பி வேறு சிரித்தார்.

இரண்டு கண்ணும் அப்படித்தான். குறுக்கு நூலான ஊடையைச் சுற்றுகிற தார்க்குச்சியின் ஓட்டை வழியாகப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. கிளாக்கோமா என்று பேர் சொன்னார் டாக்டர். போனது இனி வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றிப் பார்க்கலாம், அதுவும் இவ்வளவு முற்றிய பிறகு உறுதி சொல்வதற்கில்லை என்றார். "குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"எங்கப்பாருக்கு இருந்துச்சி சார்" என்றார் இவர் பட்டென்று.

"ரெண்டு வருஷம் முன்னாடியாவது வந்திருந்தா பாதிப் பார்வையைக் காப்பாத்தியிருக்கலாமே. யாரும் சொல்லலையா?"

"யாரும் வரல சார், கேக்கல" என்றார்.

ஒருத்தி வந்தாள். கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளைகளையும் சோதித்துவிட வேண்டும், இது வம்சத்தில் வரும் என்று டாக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. எங்களுக்கு ஒரே மகள், காவேரி.

வீட்டுக்கு வந்து, அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மத்தியானமே சொல்லிவிட்டேன். முகாம் பெண் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாரா என்று இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பாரு கண்ணு போயி பதினோரு வருசம் இந்த ஊட்லதான் இருந்தாரு தில்ல. நான் கையைப் புடிச்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு இட்டுக்கினு போவேன். நீதான் சோறு பெசஞ்சி வச்ச. பீ மூத்தரம் எடுத்த. அதெல்லாம் செஞ்சிட்டு, அப்டி ஒருத்தர் இருக்கவே இல்லன்னு சொல்லிட்டியா?"

"அவரு இல்லன்னு சொல்லலங்க. கண்ணு..."

"எல்லாம் ஒண்ணுதான். கண்ணு தெரியாத மனுசன் உனக்கு அவ்ளோ அவமானமா? நாளைக்கி என்னையும் இல்லன்னுதான் சொல்லுவியா?"

நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. கண் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

காவேரிக்கு நாற்பத்து மூன்று வயது. ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். கண் பரிசோதனைக்கு வா என்றால் வரவில்லை. "எனக்கு இன்னாமா கண்ணுக்கு? ஊசியில நூலு கோக்கறேன்" என்றாள். அன்றைக்கு இழையைக் காட்டி நான் பேசிய அதே பேச்சு. போனில் கெஞ்சினேன், திட்டினேன், அஞ்சாறு மாசம் இழுத்தடித்தாள். உண்மைக் காரணம் வேறு. அவள் மகள் கீர்த்தியை ஆரணியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அந்த நேரத்தில் குடும்பத்தில் கண் போகிற வியாதி இருக்கிறது என்று தெரியக் கூடாது. அப்பாவுக்கு வெறும் புரைதான், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று தன் மாமியாரிடமே சொல்லி வைத்திருந்தாள். என் வயிற்றில் பிறந்தவள், எங்கே போகும் புத்தி?

கடைசியில் தை மாசம் ஒரு நாள் வந்தாள். அவள் மாமியாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் அந்தம்மாளும் கூட வந்தார். அன்றைக்கு இவருக்கும் மாதப் பரிசோதனை. நாலு பேரும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். இவர் என் தோளில் கை வைத்திருந்தார். ஒரு பெண் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து காவேரியிடம் வயசு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது கிளாக்கோமா, இல்ல பார்வை போனது, இருக்குதாக்கா?"

காவேரி மாமியாரை ஒரு தரம் பார்த்தாள். "இல்லமா" என்றாள்.

"அப்பாவுக்கு?" அந்தப் பெண் இவரைப் பார்த்துக் கேட்டாள்.

நாளைக்கு என்னையும் இல்லையென்றுதான் சொல்வாயா என்று கேட்ட மனுஷர். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "எனக்குப் புரைதாம்மா. வேற ஒண்ணும் இல்ல. எங்க வம்சத்துல யாருக்கும் அந்த மாதிரி கெடையாது" என்றார்.

பேத்திக்காகச் சொன்னார். மகள் முகம் வாடக் கூடாதென்று சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் பேனாவைப் படிவத்தில் வைத்தாள்.

"எழுதாத!" என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "அவரு பொய் சொல்றாரு. இவளும் பொய் சொல்றா. இவருக்கு ரெண்டு கண்ணும் போயிக்கினே இருக்குது. கிளாக்கோமாதான். எங்க மாமனாருக்கும் அதே. பதினோரு வருசம் குருடா இருந்துதான் செத்தாரு. அதை எழுது. பெருசா எழுது."

காவேரி என் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள். "அம்மா, வாய மூடுமா. உன் கால்ல வுழறேன்." சம்பந்தியம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

காவேரிக்கு இடது கண்ணில் ஆரம்பித்துவிட்டிருந்தது. வலது கண்ணில் அழுத்தம் மட்டும். "நல்ல நேரத்துல வந்தீங்க. மருந்து விடாம இருக்கக் கூடாது. ஒழுங்கா விட்டா, எண்பது வயசிலயும் தைக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே தரையில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. காவேரி டாக்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மாமியாரோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். அப்பாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆரணிக்காரர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

இப்போது ஆறு மாசம் ஆகிறது. காவேரி எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. என் போனை எடுப்பதில்லை. இவருக்கு மருந்து விட்டும் குறைந்துகொண்டுதான் வருகிறது. தறியில் உட்கார்ந்தால் இப்போது அவர் மிதிப்பது மட்டும்தான், மற்றதைக் கூலிக்கு ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் பார்க்கிறேன். என்னைக் குறை சொல்வதில்லை. "நீ சொன்னதுதான் சரி, நான்தான் தடுமாறிட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். ஆனால் நடுவில், எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "காவேரி வந்தாள்னா வெளிச்சத்துல உக்கார வச்சி ஒருவாட்டி பாத்துடுவேன். இன்னும் மூஞ்சி அளவுக்குத் தெரியுது" என்பார். அந்த அளவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கும் தெரியாது.

கீர்த்தி நல்ல பெண். அம்மாவுக்குத் தெரியாமல், ஏனாத்தூர் காலேஜிலிருந்து வாரம் ஒரு நாள் எனக்குப் போன் பேசுவாள். நேற்றும் பேசினாள்.

"அம்மா மருந்து விட்டுக்கறாளா?" என்றேன்.

"காலையில ஒண்ணு, படுக்கப்போறப்ப ஒண்ணு. அலாரம் வச்சிக்கினு விட்டுக்கறாங்க ஆயா. ஒரு நாள்கூட மிஸ் பண்றதில்ல."

"தாத்தா கேக்கறாருன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல ஆயா. எழுந்து உள்ள போயிட்டாங்க."

போனை வைத்ததும், "இன்னாவாம்?" என்றார் அவர், நான் இருக்கிற இடத்துக்குத் தலையைத் திருப்பிக்கொண்டே.

"மருந்து ஒழுங்கா விட்டுக்கறாளாம். ஒரு நாள்கூடத் தவறறதில்லையாம்."

"அப்பப் போதும் தில்ல. அது போதும் நமக்கு" என்றார்.

"ஆமாங்க. போதும்" என்றேன்.

பொய்தான் சொன்னேன். போதவில்லை.